ஸ்கூலுக்கு வர்ற பேரன்ட்ஸ்க்கு போர்டு எழுதணுமாம், என்ன எழுதலாம்?

சாக்பீஸ்தூள்:

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூர் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில தமிழ் எடுக்குறேன், ஊர் பேர் வேண்டாம். 212 பிள்ளைங்க, ஹெச்.எம். சேர்த்து நாங்க 8 பேர். வாட்ச்மேன் எல்லாம் கிடையாது, கேட்டுல ஒரு சங்கிலி இருக்கும், அதையும் பிள்ளைங்களே கழட்டி விட்ருவாங்க.

போன திங்கக்கிழமை சாயங்காலம் தண்ணிக் குழாய்கிட்ட ரெண்டு ஆறாம் வகுப்பு பசங்க தள்ளிக்கிட்டதுல ஒருத்தன் சிமெண்ட் விளிம்புல விழுந்து முன்பல்லு பாதி உடைஞ்சிருச்சு. வாய் கழுவி விட்டு, அம்மாவுக்கு போன் போட்டு சொல்லி, அவங்களும் வந்து கூட்டிட்டு போயிட்டாங்க. மறுநாள் மூணாவது பீரியட் நான் கிளாஸ்ல இருக்கேன், அந்தப் பையனோட அப்பா பைக்கை வராண்டா வரைக்கும் ஏத்திக்கொண்டு வந்தார், செருப்போட நேரா உள்ள வந்து "எவன்டா அவன்"னு ஒரு சத்தம், ரெண்டாவது வரிசையில இருந்த அந்த இன்னொரு பையனோட காலரை புடிச்சு எந்திரிக்க வச்சுட்டார். கையில சாக்பீஸோட நான் குறுக்க போய் "சார் சார் வெளிய வாங்க பேசிக்கலாம்"ங்கறேன், "நீ என்னடி கிழிச்சிட்டு இருந்தே நேத்து"ன்னு கேட்டார். 38 பிள்ளைங்க முன்னாடி. 14 வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் அப்படி பேசினதில்ல. ஜன்னல்ல அவரோட மச்சான் போன்ல வீடியோ எடுத்துட்டு இருக்கான், அது சாயங்காலம் ஸ்டேட்டஸ், ராத்திரிக்குள்ள ஊர் குரூப் மூணுலயும் வந்துருச்சு.

காலர் புடிபட்ட பையன் அடுத்த நாள் வரல. அவனுக்கு பாட்டி மட்டும் தான், அது வந்து வராண்டா தூண் ஓரமா நின்னுச்சு, நான் பீரியட் முடிச்சுட்டு போய் பேசினேன், பையன் ஸ்கூலுக்கு போகமாட்டேன்னு அழறான்னு சொல்லிட்டு போச்சு.

இப்ப ஹெச்.எம். "பெற்றோர், பார்வையாளர் எப்படி நடந்துக்கணும்னு ஒரு போர்டு எழுதி மாட்டிருவோம், நீங்க தமிழ் டீச்சர் தானே, வாசகம் எழுதி குடுங்க"ன்னுட்டார். நான் எழுதி வச்சது: செருப்பை வெளிய விடணும், ஆபீஸ்ல சொல்லாம கிளாஸ் பக்கம் போகக்கூடாது, சத்தம் போடக்கூடாது, ஆசிரியரை ஒருமையில பேசக்கூடாது, போட்டோ வீடியோ கூடாது, குடிச்சிட்டு வரக்கூடாது, லுங்கியை மடிச்சு கட்டிட்டு வரக்கூடாது. நைட்டி போட்டுட்டு வரக்கூடாதுன்னு சேர்த்தே ஆகணும்னு எங்க சயின்ஸ் டீச்சர் ஒரே பிடிவாதம். உங்க ஸ்கூல்ல எல்லாம் எப்படி, இப்படி போர்டு வச்சா கேக்கறாங்களா?

மூணாம்பெஞ்ச்:

போர்டு என்ன போர்டு டீச்சர். அன்னைக்கே ஸ்டேஷன்ல எழுதி குடுத்திருக்கணும். பொம்பளை டீச்சரை டி போட்டு பேசறவனுக்கு "வருக வருக"ன்னு போர்டு வச்சா படிச்சிட்டு திருந்திருவானா? விட்டா நாளைக்கு இன்னொருத்தன் வருவான்.

ரிட்டயர்டு_ஹெச்எம்_நெல்லை:

டீச்சர், 34 வருசம் சர்வீஸ், அதுல 11 வருசம் ஹெச்.எம். நாற்காலி. சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

முதல்ல அந்த போர்டை ஹெச்.எம். உத்தரவா மாட்டாதீங்க. "நீ யாருலே எனக்கு ரூல் போட"ன்னு ஊர்ல நாலு பேரு அதுக்குன்னே கெளம்புவான். கல்வி உரிமைச் சட்டம் 2009 இருக்குல்லா, அதுல 21வது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு, அதான் எஸ்.எம்.சி. அதுல முக்கால்வாசி பேரு பெத்தவங்களா இருக்கணும், மொத்தத்துல பாதி பொம்பளையாளா இருக்கணும், நம்ம ஊர்ல தலைவரும் ஒரு பெற்றோர் தான். அடுத்த கூட்டத்துல வச்சு, பேச விட்டு, தீர்மான நோட்டுல எழுதி, எல்லாரு கையெழுத்தும் வாங்கிட்டு அப்புறம் மாட்டுங்க. அப்போ அது வாத்தியார் போட்ட ரூல் கிடையாது, ஊர் போட்ட ரூல்.

தம்பி மூணாம்பெஞ்ச் சொல்லுதது தப்புன்னு சொல்ல மாட்டேன். அரசு ஊழியரை வேலை செய்ய விடாம கைய வச்சா பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 353வது பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 132, ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள போடலாம். ஆனா அதை முதல் நாளே எடுத்தா அந்தப் பல்லு உடைஞ்ச பய உங்க கிளாஸ்ல எப்படி வந்து உக்காருவான்? என் சர்வீஸ்ல ஒரே ஒரு தடவ தான் ஸ்டேஷனுக்கு போனேன், அதுவும் ஒருத்தன் கல்லை எடுத்த பிறகு. வீடியோ விசயம் வேற, அதுல விட்டுக்கொடுக்காதீங்க. சம்பவத்துல மாட்டின பிள்ளைக மூஞ்சி, பேரு, பள்ளிக்கூடம் வெளிய தெரியுற மாதிரி போட்டா கேஸு, விசாரணைன்னு போச்சுன்னா சிறார் நீதிச் சட்டம் 2015, 74வது பிரிவு பாயும், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 2 லட்சம் வரைக்கும் அபராதம். இதை எஸ்.எம்.சி. தலைவரை விட்டு அந்த மச்சான்காரன்கிட்ட சொல்ல சொல்லுங்க, ராத்திரியே ஸ்டேட்டஸ் காணாம போயிரும்.

இன்னொண்ணு. கத்திக்கிட்டு வர்ற ஆளை எப்படியாவது உக்கார வச்சிரணும். என் ரூம்ல மேசைக்கு எதுத்தாப்ல ரெண்டு ஸ்டூலும் ஒரு மண்பானையும் எப்பவும் கெடக்கும். நின்னுக்கிட்டு கத்துறவனுக்கு உக்காந்தா பாதி தொண்டை அடங்கிரும், தண்ணி குடிச்சா மீதியும். அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து அவன் சொல்லுததை அவன் முன்னாலயே எழுதணும், பதில் சொல்லக்கூடாது, எழுதணும். "நாளைக்கு 4 மணிக்கு வாங்க, சொல்லுதேன்"னு அனுப்பணும். அன்னைக்கே தீர்ப்பு சொன்ன விசயம் ஒண்ணு கூட எனக்கு உருப்படல.

ஓவர்லாக்_அக்கா:

ஏனுங்க டீச்சர், நானும் திருப்பூர் தானுங்க, பனியன் கம்பெனில ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டறேன். ரெண்டு பொண்ணுங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல படிக்குது. அந்தாளு பேசுனது பண்ணது எல்லாம் ரொம்ப தப்பு, அடுத்தவன் புள்ள காலரை புடிக்க இவன் யாரு, அதுல ரெண்டு பேச்சில்ல.

ஆனா நீங்க எழுதுனதை ரெண்டு வாட்டி படிச்சேனுங்க. பைக்கை உள்ள ஏத்தி உங்களை டி போட்டு பேசுன ஆளு "வந்தார்", "கேட்டார்". தூண் ஓரமா நின்ன அந்த பாட்டி "நின்னுச்சு", "போச்சு". ஒருமையில பேசக்கூடாதுன்னு போர்டுல வேற எழுதறீங்க. கோவிச்சுக்காதீங்க, கண்ணுல பட்டுச்சு சொல்லிப்போட்டேன்.

அப்புறம் அந்தம்மா ஏனுங்க ஒரு பீரியட் முழுக்க நின்னுச்சு? 45 நிமிசம். அந்த வயசுல. ஒரு சேர் இல்லையா உங்க ஸ்கூல்ல? என் பெரிய பொண்ணு எட்டாவது படிக்கறப்ப என்னை கூப்பிட்டு விட்டாங்க. காலைல ரெண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டா சூப்பர்வைசர் அரை ஷிப்ட் சம்பளம் போகும்ங்கறான், சரி போய் தொலையட்டும்னு வந்தேன். தலையெல்லாம் பஞ்சு, அப்படியே தான் வர முடியும். ஆபீஸ் வாசல்ல நின்னேன், நின்னேன், உள்ள அந்த ஏரியா பெரிய மனுசன் ஒருத்தர் ஹெச்.எம். எதுத்தாப்ல கால் மேல கால் போட்டு உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்காரு. அவரு போன பொறகு என்னை உள்ள கூப்பிட்டு நிக்க வச்சே தான் பேசினாங்க, காலியா அவரு உக்காந்த சேர் அங்கதான் கெடக்குது. அப்ப எனக்கு வந்த கோவத்துக்கு நானும் கத்தியிருப்பேன், பொண்ணு பக்கத்துல நின்னுச்சு, அதனால வாயை மூடிட்டு வந்துட்டேன். கத்துறவங்க எல்லாம் இப்படி தான்னு சொல்ல வரலீங்க, உங்க கேஸ்ல அந்தாளு கொழுப்பெடுத்து தான் வந்திருக்கான். ஆனா போர்டை கேட்டுல மாட்டறதுக்கு முன்னாடி ஒரு பெஞ்சை வராண்டால போடுங்க.

நைட்டி விசயம்: காலைல 7 மணிக்கு தண்ணி லாரி வருது, 8 மணிக்கு கம்பெனி வேன் வருது, நடுவுல புள்ளைய விடறதுக்கு சேலை கட்டிட்டு தான் வரணும்னா புள்ள தனியா தான் வரும். மேல துண்டு போட்டுட்டு தானுங்க வர்றோம்.

சாக்பீஸ்தூள்:

அக்கா, எங்க பக்கம் வயசானவங்களை பாசமா அப்படி தான் சொல்றது, எங்க அம்மாவையே "அம்மா சொல்லுச்சு"ன்னு தான் சொல்வேன். இதை டைப் பண்ணிட்டு அனுப்பறதுக்கு முன்னாடி யோசிச்சேன், எங்க ஹெச்.எம்.மோட அம்மா வந்திருந்தா "நின்னுச்சு"ன்னு எழுதியிருப்பேனா. எழுதியிருக்க மாட்டேன்.

சேர் இருக்குக்கா. ஸ்டாஃப் ரூம்ல 9 இருக்கு. எனக்கு தோணவே இல்லை, அவ்ளோ தான்.

கோவை_மிஸ்:

நான் பிரைவேட் மெட்ரிக்ல இருக்கேன், இங்க கதையே தலைகீழ். கேட்டுல செக்யூரிட்டி, ரிஜிஸ்டர், பார்வையாளர் கார்டு கழுத்துல மாட்டி விடுவாங்க, கிளாஸ் பக்கம் ஒரு ஈ நுழைய முடியாது. அதனால சண்டை எல்லாம் வாட்ஸ்அப்ல. ராத்திரி 11 மணிக்கு "மிஸ் என் பையனுக்கு ஏன் ஸ்டார் போடல"ன்னு வாய்ஸ் நோட். ஒரு அப்பா "நாங்க கட்டுற ஃபீஸ்ல தான் உங்க சம்பளம்"னு குரூப்லயே போட்டார், அதுக்கு 6 பேர் கட்டைவிரல் வேற. என் சம்பளம் எவ்ளோன்னு தெரிஞ்சா அந்த 6 பேரும் சிரிப்பாங்க, அது வேற விஷயம்.

எங்க ஸ்கூல்ல ஒண்ணே ஒண்ணு தான் வேலைக்கு ஆச்சு: குரூப்ல அட்மின் மட்டும் மெசேஜ் போடற மாதிரி மாத்தினோம், எதுனாலும் டைரியில எழுதி அனுப்புங்க, நேர்ல வர்றதுன்னா டைம் சொல்லிட்டு வாங்கன்னு. கையால எழுதும்போது ஆளுங்க கொஞ்சம் டீசன்ட் ஆயிடறாங்க, ஏன்னே தெரியல.

ஆனா ஓவர்லாக் அக்கா, எல்லாத்துக்கும் சேர் குடுக்கலைன்னு காரணம் சொல்ல முடியாது. எங்க ஸ்கூல்ல ஏ.சி. ரூம், சோபா, காபி எல்லாம் குடுத்து தான் உக்கார வைக்கறாங்க. உக்காந்துட்டே கத்துறாங்க.

வேப்பமரத்தடி:

நான் படிச்ச ஸ்கூல்ல எஸ்.எம்.சி. உறுப்பினர், முன்னாள் மாணவர் கோட்டாவுல. எல்லாரும் பேரன்ட்ஸ் பத்தி பேசறீங்க, ஹெச்.எம். சொன்னதுல பார்வையாளர்னு ஒரு வார்த்தை இருக்கு, அதை யாரும் தொடல. டீச்சர் போர்டுல லுங்கி வருது, நைட்டி வருது, கரை வேட்டி வரல பாருங்க. எங்க ஸ்கூல்ல நோட்டு குடுக்கறோம், பேனா குடுக்கறோம்னு வர்றவங்க பண்றது தான் பெரிய ரோதனை. 40 ரூபா நோட்டுக்கு பிள்ளைங்களை ஒரு மணி நேரம் வெயில்ல வரிசையா நிக்க வச்சு, ஒவ்வொரு பிள்ளையும் வாங்கும்போது கேமராவை பாக்க சொல்லி, சரியா விழலைன்னா திரும்ப வாங்க வச்சு. எங்க கூட்டத்துல இதை தான் முதல் ரூலா போட்டோம், குடுக்கறதை ஆபீஸ்ல குடுத்துட்டு போங்க, பிள்ளைங்க மூஞ்சி போட்டோவுல வேண்டாம்னு. அதுக்கப்புறம் வர்றவங்க பாதியா குறைஞ்சுட்டாங்க, உண்மையிலேயே குடுக்கணும்னு நினைக்கறவங்க இன்னும் குடுத்துட்டு தான் இருக்காங்க.

2024ல சென்னையில நடந்தது ஞாபகம் இருக்கும். தன்னம்பிக்கை பேச்சுன்னு அரசு பள்ளிக்குள்ள வந்த ஒருத்தர் முன்ஜென்ம பாவம் அது இதுன்னு பிள்ளைங்ககிட்ட பேசினார், அதை கேள்வி கேட்ட பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர்கிட்டயே எல்லார் முன்னாடியும் எகிறினார். அப்புறம் அவரை அரெஸ்ட் பண்ணாங்க, ஹெச்.எம்.களை டிரான்ஸ்பர் பண்ணாங்க. அவர் லுங்கியை மடிச்சு கட்டிட்டு வரல, ஆபீஸ்ல சொல்லாம வரல, மாலை மரியாதையோட தான் உள்ள வந்தார்.

இன்னொரு விஷயம், போர்டு ஒருபக்கமா இருந்தா யாரும் மதிக்க மாட்டாங்க. கல்வி உரிமைச் சட்டத்துல 17வது பிரிவு, பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனசு நோக பேசவும் கூடாது. அதையும் அதே போர்டுல எழுதுங்க. புகார் எங்க சொல்லணும்னு பள்ளிக்கல்வித் துறையோட உதவி நம்பர் 14417ஐயும் போடுங்க. சொல்ல ஒரு இடம் இருக்குன்னு தெரிஞ்சா கொஞ்ச பேராவது கிளாஸ்க்குள்ள வந்து சொல்ல மாட்டாங்க.

உங்க ஏரியான்னா ஒடிசா, பீகார் பிள்ளைங்க நிறைய இருக்குமே, அவங்க அப்பா அம்மா தமிழ் போர்டை எப்படி படிப்பாங்க?

மூணாம்பெஞ்ச்:

எல்லாம் சரி. அந்தாளு டீச்சர்கிட்ட மன்னிப்பு கேட்டானா இல்லையா, யாரும் அதை கேக்கல.

ரிட்டயர்டு_ஹெச்எம்_நெல்லை:

கேக்க மாட்டான் தம்பி. பொண்டாட்டிய அனுப்புவான்.

சாக்பீஸ்தூள்:

12 நாள் கழிச்சு அப்டேட் போடறேன், கூட்டம் வெள்ளிக்கிழமை தான் நடந்துச்சு, அதான் லேட்டு.

சார் சொன்னது அப்படியே. அவங்க வொய்ஃப் தான் வந்தாங்க, "அவரு அப்படி தாங்க டீச்சர், வாய் தான்"னு சொல்லிட்டு பல்லு கட்டறதுக்கு டாக்டர் எவ்ளோ கேட்டாருன்னு மட்டும் சொல்லிட்டு போனாங்க. ஸ்டேட்டஸ் தலைவரம்மா போன் பண்ண அன்னைக்கே போயிருச்சு, குரூப்ல போனது போனது தான். அவர் இப்ப பைக்கை கேட்டுக்கு வெளியவே நிறுத்தி பையனை இறக்கி விடறார், என்னை பாத்தா தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கறார். எனக்கும் அதுவே போதும்னு இருக்கு. மன்னிப்பு கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு தெரியல.

அந்தப் பையன் நாலாவது நாள் வந்துட்டான். பாட்டி கூட்டிட்டு வந்தாங்க. வராண்டால பெஞ்சு போட்டிருந்தோம், "உக்காருங்கம்மா"ன்னேன், "இருக்கட்டும் கண்ணு, நான் நின்னுக்கறேன்"ங்கறாங்க. மூணு தடவ சொல்லியும் உக்காரல. நான் உக்காந்த பொறகு தான் அந்த ஓரத்துல, பாதி உடம்பு வெளிய இருக்கற மாதிரி உக்காந்தாங்க. பையன் முன்ன ரெண்டாவது வரிசை, இப்ப கடைசி பெஞ்சு கேக்கறான், குடுத்துட்டேன்.

கூட்டத்துல நைட்டி வரி என்னாச்சுன்னு கேப்பீங்க. தலைவரம்மாவே நைட்டி மேல துண்டு போட்டுட்டு தான் வந்திருந்தாங்க. ஹெச்.எம். வாசிச்சிட்டே வந்தவர் அந்த வரி வந்ததும் ஒரு இருமல் இருமிட்டு அடுத்ததுக்கு போயிட்டார். சயின்ஸ் டீச்சர் என்னை பாத்தாங்க, நான் ஃபேனை பாத்தேன். லுங்கியும் அதோட போச்சு.

கடைசியா முடிவான வாசகம் இது:

"வணக்கம், வாங்க. முதலில் அலுவலக அறைக்கு வாருங்கள், உட்கார இடம் உண்டு. பாடம் நடக்கும்போது வகுப்புக்குள் போக வேண்டாம். இன்னொரு பிள்ளை மேல் புகார் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையிடம் நேராகக் கேட்க வேண்டாம். பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம், உதவி செய்ய வந்தவர்களும்தான். இங்கே யாரும் யாரையும் ஒருமையில் பேசுவதில்லை. இங்கே யாரும் பிள்ளைகளை அடிப்பதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் புதன்கிழமை மாலை 6 மணி வரை வரலாம். குறை தீரவில்லை என்றால் 14417."

"யாரும் யாரையும்"ங்கறதுக்கு தான் பெரிய விவாதம். ஆசிரியர்களைன்னு போட்டா போதாதான்னு ஹெச்.எம். கேட்டார். குழுவுல ஒரு அம்மா, கட்டட வேலைக்கு போறவங்க, "சார், போன வருசம் நீங்க என்னை வா போன்னு தான் பேசுனீங்க"ன்னு ரொம்ப சாதாரணமா சொன்னாங்க. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் தான். அப்புறம் அவர் "சரி யாரும் யாரையும்னே இருக்கட்டும்"னார். புதன்கிழமைக்கு நாங்க ரெண்டு ரெண்டு பேரா முறை போட்டிருக்கோம், முதல் புதன் நானும் கணக்கு சாரும், 4 பேர் வந்தாங்க, அதுல ஒருத்தர் சும்மா பெஞ்சு பாக்க வந்தாராம்.

வேப்பமரத்தடி:

ஹிந்தி, ஒடியா என்ன பண்ணீங்க?

சாக்பீஸ்தூள்:

எட்டாவதுல ஒரு ஒடிசா பொண்ணு, சார்ட் பேப்பர்ல அழகா எழுதி குடுத்துட்டா, போர்டுக்கு கீழ ஒட்டியாச்சு. "அதுல என்ன எழுதியிருக்குன்னு நமக்கு எப்படி தெரியும் டீச்சர்"னு ஹெச்.எம். இன்னும் கேட்டுட்டு இருக்கார்.

நெல்லை சார், ஒரு சந்தேகம். ரெண்டு பெஞ்சு 3,400 ரூபா ஆச்சு, இப்போதைக்கு நானும் கணக்கு சாரும் கைக்காசு போட்டிருக்கோம். எஸ்.எம்.சி. கணக்குல எழுதிக்கலாமா?

ரிட்டயர்டு_ஹெச்எம்_நெல்லை:

தீர்மானம் போட்டு எழுதலாம். பில்லு இருக்கா?